வீட்டுக் கணினிப் பக்கம்: கொழுவாத ட்ரைவில் எடுத்த காப்புப் பிரதி



விண்டோஸ் 10க்கு வழங்கப்பட்டு வந்த வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுபோனது நமக்குத் தெரிந்ததே. நல்ல நிலையில் இருந்த பல மடிக்கணினிகள் விண்டோஸ் 11க்கு ஏற்றவையல்ல என்று தள்ளப்பட்டன. அவற்றைக் குப்பைக்கு அனுப்ப மனமில்லாத நம் வீட்டுப் பிள்ளைகள் லினக்ஸ் மின்ட், உபுண்டு ஆகியவற்றைப் போட்டுத் தந்துவிட்டார்கள். நமது சங்கத்தில் அறுபது வயதைத் தாண்டிய சிலரும் இப்போது லினக்ஸ் பாவனையாளர்களே. இது மகிழ்ச்சிக்குரிய விஷயம்.

சென்ற மாதம் மதியச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "தம்பி, பேரன் எல்லாம் மாத்தித் தந்திட்டான். இதுக்குள்ளே கிடக்கிற படங்களுக்கு ஒண்டும் நடக்காதோ?"

"ஒன்றும் நடக்காது அம்மா" என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்ல முடியவில்லை. காரணம், என் சொந்தக் கதை. அதைப் பலரிடம் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தேன். வெட்கம்தான். ஆயினும், ஒருவரின் முட்டாள்தனம் மற்றவர்களுக்குப் பாடமாக அமையுமானால் வெட்கப்பட்டுப் பயனில்லை. எனவே இந்த இதழில் அதை எழுதிவிடுகிறேன்.

அம்மாவின் குரல்

எண்பதுகளில் கடிதத்துக்குப் பதிலாகக் கசெட்டில் பேசி அனுப்பும் பழக்கம் நம்மிடையே இருந்தது, மூத்த அங்கத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஊரில் இருந்து யாராவது வந்தால் அவர்களின் பெட்டிக்குள் பனங்கட்டியோடு ஒரு கசெட்டும் வரும். என் அம்மா அப்படி எனக்கு அனுப்பியவை 14. குரலுக்குப் பின்னால் சேவல் கூவும், கிணற்றுக் கப்பி கிறீச்சிடும். "சாப்பிட்டியோ மகன்?" என்ற கேள்வியோடுதான் ஒவ்வொன்றும் தொடங்கும்.

அம்மா மறைந்து பல வருடங்களாகிவிட்டன. 2022ஆம் ஆண்டு கசெட்டுகளில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியதைக் கண்டு, ஒரு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினேன். ஏற்றி முடிந்ததும் நாடா ஒட்டிப்போன அந்தக் கசெட்டுகளை எறிந்துவிட்டேன். எனக்கென்ன பயம்? என் ஹோம் கோப்புறை முழுவதும் இரவு 2 மணிக்கு வெளி ட்ரைவ் ஒன்றில் தானாகவே பிரதியாகும்படி நானே ஒரு சிறு நிரல் எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொரு காலையும் "வேலை முடிந்தது" என்று எனக்குச் செய்தி வரும். அதைப் பார்த்துக்கொண்டே கோப்பி குடிப்பேன்.

2023இல் ஒரு காலை கணினியின் உள்தட்டு செத்துவிட்டது. நான் கலங்கவில்லை. புதிய தட்டு வாங்கி, லினக்ஸை மறுபடி போட்டு, மருமகனை அழைத்து வெளி ட்ரைவை அவன் கையில் கொடுத்தேன். அவன் கொழுவிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"மாமா, இதிலே கடைசியாக எழுதினது 2021 மார்ச் மாதம். அதுக்குப் பிறகு நீங்கள் எதிலே கொப்பி எடுத்தனீங்கள்?"

நடந்தது இதுதான். 2021இல் மேசையைத் துடைக்கும்போது ட்ரைவின் வயரைக் கழற்றியவன், திரும்பக் கொழுவ மறந்துவிட்டேன். லினக்ஸில் வெளி ட்ரைவுக்குத் தனி எழுத்துப் பெயர் கிடையாது. அது ஏதோ ஒரு கோப்புறையின் வாசலில் வந்து பொருந்தும். நான் அதற்கென நிலையான ஒரு கோப்புறையை அமைத்திருந்தேன். ட்ரைவ் பொருந்தியிருந்தால் அங்கே எழுதுவது ட்ரைவுக்குப் போகும். பொருந்தாதபோது அது உள்தட்டிலேயே உள்ள வெறும் கோப்புறை. என் நிரல் இரண்டு வருடங்களாக இரவிரவாக அந்த வெறும் கோப்புறைக்குள் எழுதிக்கொண்டிருந்தது. நிரலைப் பொறுத்தவரை பிழை எதுவும் இல்லை. எழுதச் சொன்ன இடத்தில் எழுதியது, முடிந்தது என்று அறிவித்தது. மூலமும் பிரதியும் ஒரே தட்டில் இருந்தன. தட்டுச் சாக, இரண்டும் சேர்ந்து போயின.

ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சிக்கு முன்பு ஐந்து ஒலிப்பதிவுகளை அனுப்பியிருந்தேன். அவை அவளிடம் இருந்தன. மற்ற ஒன்பதும் போனவை போனவைதான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நம்மவர்கள் சொல்வது என்னைப் போன்றவர்களைப் பார்த்துத்தான்.

எதைக் காப்பாற்ற வேண்டும்?

லினக்ஸில் இது சுலபமான கேள்வி. இயங்குதளமும் செயலிகளும் கெட்டால் இணையத்தில் இருந்து ஒரு மணி நேரத்தில் மறுபடி எடுக்கலாம். திரும்பக் கிடைக்காதவை உங்கள் படங்கள், கடிதங்கள், கணக்குகள், ஒலிப்பதிவுகள். அவை பெரும்பாலும் உங்கள் பெயரில் உள்ள ஹோம் கோப்புறைக்குள் அடங்கும்.

இங்கே இரண்டு கவனிப்புகள். முதலாவது, ஹோம் கோப்புறைக்குள் மறைவான கோப்புகளும் உண்டு. பெயரின் முன்னால் ஒரு புள்ளி இருந்தால் லினக்ஸ் அதைக் காட்டாது. தண்டர்பேர்ட் பாவிப்பவர்களின் மின்னஞ்சல் அப்படிப்பட்ட ஒரு மறைவான கோப்புறையில்தான் வழமையாக இருக்கும். எல்லாவற்றையும் தெரிவு செய்து ட்ரைவுக்கு இழுத்துப் போட்டேன் என்பவர்கள், கண்ட்ரோல் விசையோடு 'எச்' விசையை அழுத்தி மறைந்தவற்றைக் காட்டச் செய்யாவிட்டால், அவற்றை விட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

இரண்டாவது, லினக்ஸ் மின்டோடு வரும் டைம்ஷிஃப்ட். அது நல்ல கருவி. ஆனால் அது காப்பது இயங்குதளத்தை. ஹோம் கோப்புறையில் உள்ளவற்றை, நாமாக மாற்றினாலன்றி, அது தொடாது. "டைம்ஷிஃப்ட் ஓடுகிறது, எனக்குக் கவலையில்லை" என்று சொன்ன இரண்டு அன்பர்களை நான் அறிவேன். வீட்டின் சுவருக்குக் காப்புறுதி எடுத்துவிட்டு அலுமாரியில் உள்ள நகையை மறந்த கதைதான் அது.

ட்ரைவை ஆயத்தம் செய்தல்

ஹோம் கோப்புறையின் அளவைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு கொள்ளளவுள்ள ட்ரைவ் வாங்குங்கள். கடையில் வாங்கும் ட்ரைவ் பெரும்பாலும் விண்டோஸுக்கு ஏற்ற முறையில் அமைந்திருக்கும். அதிலும் படங்கள் பிரதியாகும். ஆனால் ஒவ்வொரு கோப்பும் யாருக்குச் சொந்தம், யார் திறக்கலாம் என்று லினக்ஸ் எழுதி வைக்கும் குறிப்புகள் சரிவரப் பதியாது. எனவே 'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறந்து, அந்த ட்ரைவை எக்ஸ்ட் 4 முறைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. மாற்றும்போது அதில் முன்பு இருந்த அனைத்தும் அழியும். ஆகையால் புதிய ட்ரைவையே பாவியுங்கள். திரையில் தெரிவது வெளி ட்ரைவா, உள்தட்டா என்று அதன் பெயரையும் அளவையும் இருமுறை பார்த்த பிறகே பொத்தானை அழுத்துங்கள்.

அதே இடத்தில் கடவுச்சொல்லால் பூட்டும் வசதியும் உண்டு. அதைத் தெரிவு செய்தால் ட்ரைவ் தொலைந்தாலும் மற்றவர் படிக்க முடியாது. ஆனால் கடவுச்சொல் மறந்தால் நீங்களும் படிக்க முடியாது. ஆகவே அதை ஒரு தாளில் எழுதி, பாஸ்போட்டும் காணி உறுதியும் வைக்கும் இடத்தில் வையுங்கள். கணினிக்குள் எழுதி வைக்க வேண்டாம். பெட்டிக்குள் திறப்பை வைத்துப் பூட்டியது போலாகும்.

பிரதி எடுத்தல்

இந்த வேலைக்கு லினக்ஸ் உலகில் பெயர்போன கருவி ஆர்சிங்க். அது நமது ஊர்ச் சரக்கு என்பது பலருக்குத் தெரியாது. கன்பராவில் உள்ள அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்த அண்ட்ரூ ட்ரிட்ஜெலும் போல் மக்கராஸும் 1996இல் அதை வெளியிட்டார்கள். மெதுவான தொலைபேசி இணைப்பில் முழுக் கோப்பையும் அனுப்பாமல் மாறிய பகுதியை மட்டும் அனுப்புவது எப்படி என்ற கேள்வியில் பிறந்தது அது. நமக்குப் பயன்படும் குணமும் அதுவே. முதல் நாள் பிரதி எடுக்கச் சில மணி நேரம் பிடிக்கும். அதன் பிறகு புதியவையும் மாறியவையும் மட்டுமே போவதால் சில நிமிடங்கள் போதும்.

கட்டளை எழுதப் பழகியவர்கள் ஆர்சிங்கை நேரடியாகவே பாவிக்கலாம். அவர்களுக்கு மூன்று எச்சரிக்கைகள். மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், போடாவிட்டால் கோப்புறையே போகும். 'டிலீட்' என்ற தெரிவைச் சேர்த்தால் மூலத்தில் இல்லாதவை பிரதியிலும் அழிக்கப்படும். இடம் மாறி எழுதினால் நல்ல பிரதி காலியாகிவிடும். எனவே முதலில் 'என்' என்ற எழுத்தைச் சேர்த்து ஒத்திகை பாருங்கள். என்ன செய்யப்போகிறது என்று காட்டும், எதையும் தொடாது.

கட்டளை வேண்டாம் என்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது 'பேக் இன் டைம்' என்ற செயலி. உள்ளே வேலை செய்வது ஆர்சிங்க்தான், வெளியே பொத்தான்கள். மென்பொருள் மேலாளரில் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் ஹோம் கோப்புறையையும் வெளி ட்ரைவையும் ஒருமுறை காட்டிவிட்டால் போதும். தற்காலிகக் கோப்புகள், குப்பைத் தொட்டி ஆகியவற்றை அது தானாகவே விட்டுவிடும். ட்ரைவ் கொழுவப்படாவிட்டால் பிரதி வைக்கும் இடத்தைக் காணவில்லை என்று சொல்லிவிடும். என் நிரலுக்கு அந்தப் புத்தி இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிராது.

அதன் இன்னொரு சிறப்பு, திகதிவாரியாகப் பிரதிகளை வைப்பது. இது ஏன் முக்கியம்? ஒரே ஒரு பிரதியை மூலத்தைப் போலவே மாற்றிக்கொண்டிருந்தால் அது கண்ணாடி போன்றது. நீங்கள் தவறுதலாக அழித்த கோப்பு அடுத்த நாள் கண்ணாடியிலும் இராது. கெட்டுப்போன கோப்பு நல்ல பிரதியின் மேல் எழுதப்பட்டுவிடும். திகதிவாரியாக இருந்தால் சென்ற மாத நிலையைத் திறந்து எடுக்கலாம். மாறாத கோப்பை ஒவ்வொரு திகதியிலும் மறுபடி எழுதாமல், முன்பு எழுதியதையே புதிய திகதியிலும் காட்டுவதால் இடமும் வீணாகாது. எக்ஸ்ட் 4 முறைக்கு மாற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரதி எடுக்குமுன் ஃபயர்ஃபொக்ஸ், தண்டர்பேர்ட் போன்றவற்றை மூடிவிடுங்கள். முடிந்ததும் வயரைப் பிடுங்க வேண்டாம். எழுதவேண்டியதில் ஒரு பகுதி இன்னமும் கணினியின் நினைவகத்தில் காத்திருக்கக்கூடும். கோப்பு மேலாளரில் ட்ரைவின் பக்கத்தில் உள்ள வெளியேற்றும் அடையாளத்தை அழுத்தி, அனுமதி வந்த பிறகே கழற்றுங்கள். கழற்றிய ட்ரைவ் அலுமாரிக்குள் போகட்டும். எப்போதும் கொழுவியே இருந்தால், கணினியைத் தாக்கும் மின்னதிர்ச்சியும் வைரசும் அதையும் தாக்கும்.

எடுத்துப் பார்த்தால்தான் பிரதி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: திரும்ப எடுத்துப் பார்க்காத பிரதியைப் பிரதி என்று எண்ணாதீர்கள். எனக்கு ஒவ்வொரு காலையும் செய்தி வந்தது. இரண்டு வருடங்களில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ட்ரைவைத் திறந்து ஒரு கோப்பைக் கேட்டிருந்தால் ஒன்பது கசெட்டும் தப்பியிருக்கும்.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 1998இல் பிக்ஸார் நிறுவனம் 'டோய் ஸ்டோரி 2' படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது யாரோ கொடுத்த ஓர் அழிப்புக் கட்டளையால் படத்தின் கோப்புகள் பெருமளவில் மறைந்தன. காப்புப் பிரதியைத் தேடினால் அது சரியாக எடுபடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. குழந்தை பிறந்து வீட்டில் இருந்து வேலை செய்த கேலின் சுஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். என்னைத் தங்கச்சி காப்பாற்றினாள், அவர்களை ஒரு தாய் காப்பாற்றினார்.

ஆகவே பௌர்ணமிக்குப் பௌர்ணமி என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்ரைவைக் கொழுவுங்கள். பிரதி எடுங்கள். பிறகு அன்றைய திகதியில் உள்ள கோப்புறையைத் திறந்து, அந்த மாதம் எடுத்த ஒரு படத்தையும் பழைய கடிதம் ஒன்றையும் திறந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை. வருடத்தில் ஒரு தடவை அந்த ட்ரைவை வேறொரு லினக்ஸ் கணினியில் கொழுவி, கடவுச்சொல் வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் நல்லது.

வேறொரு கூரையின் கீழ்

இத்தோடு முடித்தால் பாதி வேலைதான். 2003 ஜனவரி 18ஆம் திகதியை நமது நகரத்துப் பழைய அங்கத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பகலே இருண்டு, தீ டஃபி பகுதி வீதிகளுக்குள் வந்தது. நான்கு பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 500 வீடுகள் எரிந்தன. மவுண்ட் ஸ்ட்ரோம்லோவில் இருந்த வானாய்வகமும் தப்பவில்லை. அப்படியான வேளையில் மேசையில் உள்ள கணினியும் அலுமாரியில் உள்ள ட்ரைவும் ஒரே நெருப்பில்தான் போகும்.

நமக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்காவது பிரதி இருந்த நூலைத் தேடி வாங்கி மறுபடி அடுக்க முடிந்தது. உலகிலேயே ஒன்றாக இருந்த ஏட்டை எங்கே வாங்குவது?

கணினித் துறையில் இதற்கு 3, 2, 1 என்று ஒரு கணக்கு உண்டு. பிரதிகள் 3, வெவ்வேறு சாதனங்கள் 2, அவற்றுள் வெளியிடத்தில் 1. நம் போன்றவர்களுக்கு இதை எளிதாகச் செய்ய ஒரு வழி இருக்கிறது. இரண்டு குடும்பங்கள் சோடி சேருங்கள். ஒவ்வொருவரும் கடவுச்சொல்லால் பூட்டிய இரண்டு ட்ரைவ் வைத்திருங்கள். ஒன்று உங்கள் வீட்டில், மற்றது அடுத்தவர் வீட்டில். மாதாந்தப் பூசைக்கு வரும்போது கையோடு கொண்டுவந்து மாற்றிக்கொள்ளுங்கள். பெட்டியைத்தான் கொடுக்கிறோம், திறப்பு நம்மிடமே இருக்கிறது. சோடிகள் ஒரே வீதியில் இல்லாமல் நகரத்தின் வேறு வேறு பகுதிகளில் இருந்தால் இன்னும் நல்லது.

செயற்குழுவுக்கும் பணிவான ஒரு வேண்டுகோள். நமது அங்கத்தவர் பட்டியலும் கணக்குகளும் ஆண்டுதோறும் பொருளாளராக வருபவரின் சொந்தக் கணினியில் இருந்து வருகின்றன. அந்த ஒரு கணினி நாளை நின்றால் சங்கத்தின் கையில் என்ன மிஞ்சும் என்று அடுத்த கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசுவது நன்று. சங்கத்தின் பெயரில் இரண்டு ட்ரைவ் வாங்கி, ஒன்றைச் செயலாளர் வீட்டிலும் மற்றதைப் பொருளாளர் வீட்டிலும் வைத்தால் செலவு பெரிதல்ல. வெள்ளம் வருமுன் அணை போட இதுவே காலம்.

சாப்பாட்டு வரிசையில் என்னைக் கேட்ட அம்மாவுக்கு அன்று பதில் சொல்லாமல் நழுவிவிட்டேன். அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போய் ட்ரைவை ஆயத்தம் செய்து கொடுத்தேன். எடுத்து முடிந்ததும் ஏதாவது ஒரு கோப்பை அவரையே தெரிவு செய்யச் சொல்லி, ட்ரைவில் இருந்து திறந்து காட்டினேன். அவர் தெரிவு செய்தது மகளின் கலியாணப் படம். "இப்ப சரி தம்பி" என்று சொல்லித் தேத்தண்ணீர் போடப் போனார். அம்மாவின் மீதமுள்ள ஐந்து ஒலிப்பதிவுகளும் இப்போது மூன்று வீடுகளில் இருக்கின்றன. மாதத்தில் ஒருமுறை, பரிசோதனை என்ற சாட்டில், ஒன்றைப் போட்டுக் கேட்கிறேன்.

சோடி சேர விரும்புபவர்கள் வரும் பூசையன்று என்னிடம் பெயர் கொடுக்கவும். ட்ரைவை ஆயத்தம் செய்யத் தயங்குபவர்கள் கணினியையும் கொண்டுவந்தால் மண்டபத்தின் பின்னறையில் உட்கார்ந்து சேர்ந்து செய்யலாம். அடுத்த இதழில் சந்திப்போம்.

வணக்கம்.